பசையத்தின் குலமுறை

'குளூட்டன்' என்பது பெருந்தீனிக்காரனைக் குறிக்கும் 'குளட்டன்' என்ற ஆங்கிலச் சொல்லின் உறவு, ஆகவே குளூட்டனால் வரும் சீலியாக் என்னும் குடல்நோய் தின்றே கெட்ட வயிறு என்று மேடையேறிச் சொல்கிறார்கள், கைதட்டலும் விழுகிறது. ஓசை ஒத்தால் வேர் ஒத்துவிடாது. 'குளட்டன்' விழுங்குதலைக் குறிக்கும் இலத்தீன் 'குளுட்டீரே'யின் வழி வந்தது. 'குளூட்டென்' என்றால் இலத்தீனில் பசை, அவ்வளவே. குளுக்கோசையும் இதில் இழுப்பவர்கள் உண்டு. அது இனிப்பின் கிரேக்க வேரைச் சேர்ந்தது.

குளூட்டனுக்குத் தமிழான நம் 'பசைய'மும் தப்பவில்லை. அது பச்சையத்தின் திரிபாம்! பச்சையம் இலையின் நிறமி, பசுமையில் பிறந்தது. பசலையும் அந்த வீட்டுப் பெண்தான். குறுந்தொகைத் தலைவியின் மேனியில் படர்ந்தது நிறமேயன்றிப் பிசுபிசுப்பன்று. பசையம் பசையின் பிள்ளை. பசைக்கு அன்பு என்றும் பொருளுண்டு. 'பசையுள்ள ஆள்' என்றால் பணக்காரர். எல்லாம் ஒட்டுதலின் விரிவு.

ஐயமிருந்தால் மைதாவைப் பிசைந்து உருட்டித் தண்ணீரில் கசக்கிக்கொண்டே இருங்கள். மாவுச்சத்து வெள்ளைத் தண்ணீராக இறங்கிவிடும். கையில் மிஞ்சுவது இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கும் ஒரு சாம்பல்நிற உருண்டை; அதுதான் பசையம். மாஸ்டர் வீசும்போது பரோட்டா மாவு கிழியாமல் நிற்பது இதனால்தான். போலோனியாவில் பெக்காரி 1728-இல் இதைப் பிரித்துக் காட்டினார்; 1745-இல் அச்சேறியது.

இனி வாரிசுகள். பசையத்தின் ஒரு பகுதிக்கு 'கிளையடின்' என்று பெயர். பசையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அதற்கும் அடி. மூளை நரம்பணுக்களுக்கு இடையிலுள்ள 'கிளையா' அணுக்களும் அதே சொல்லைத்தான் சுமக்கின்றன. 1866-இல் ரிட்ஹவுசன் கோதுமைப் பசையத்திலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்து, பிறந்த இடத்தின் பெயராலேயே குளூட்டாமிக் அமிலம் என்றார். அதன் அமைடு குளூட்டமின். குளூட்டமினைப் பற்றிப் புரதங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் நொதி டிரான்ஸ்குளூட்டமினேஸ்.

இந்தக் குலமுறையைத் தெரிந்துகொண்டவருக்குச் சீலியாக் நோயின் நடப்பு பாதி விளங்கிவிடும். கிளையடினில் புரோலின், குளூட்டமின் என்னும் அமினோ அமிலங்கள் மிகுதி. புரோலின் நெருக்கமாக இருக்குமிடத்தில் நம் செரிமான நொதிகளின் கத்தி இறங்குவதில்லை. 33 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு செரிக்காமலே எஞ்சுவதை 2002-இல் கண்டார்கள். அத்தகைய துண்டுகள் சிறுகுடலின் உட்சுவரைக் கடந்து உள்ளே போனால் எதிர்ப்படுவது டிரான்ஸ்குளூட்டமினேஸ். பரிபாடலில் உடைந்த கலத்தைப் பயின் என்னும் பசையால் திருத்தும் மீகானைப் போலக் கிழிந்த திசுவை ஒட்டுவது அதன் வேலை. இங்கோ அது குளூட்டமினைக் குளூட்டாமிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. அதனால் துண்டில் எதிர்மின்னேற்றம் ஏறுகிறது. டிகியூ2, டிகியூ8 என்னும் மரபுவழி ஏந்திகளை உடையவர்களிடம் அந்தத் துண்டு ஏந்தியின் பள்ளத்தில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்கிறது. அதைக் கண்ட நோயெதிர்ப்பு டி-அணுக்கள் இண்டர்ஃபெரான் காமாவைச் சுரக்க, அழற்சி மூள்கிறது. குடலுறிஞ்சிகள் மழுங்கித் தட்டையாகின்றன. உடலோ அந்த நொதிக்கு எதிராகவே எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. நோயை அறிய இரத்தத்தில் தேடுவது இதைத்தான். ஏந்தி இருப்போர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை.

'சீலியாக்' என்ற சொல்லோ வயிற்றின் குழிவைக் குறிக்கும் கிரேக்கக் 'கொய்லியா'விலிருந்து வந்தது. கப்படோக்கியாவின் பண்டை மருத்துவர் அரெட்டியஸ் வைத்த பெயர் அது. 1888-இல் லண்டனில் மருத்துவர் சாமுவேல் கீ அதே பெயரில் நோயை விவரித்தார். இடம் தெரிந்தது, காரணம் தெரியவில்லை. உணவே மருந்து என்று சொன்ன கீ, சிப்பி தின்று தேறிய ஒரு பிள்ளையைப் பற்றியும் எழுதினார். நெதர்லாந்தின் மருத்துவர் டிக்கே 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில்தான் கோதுமையே காரணம் என்று கண்டுபிடித்தார் என்பது பாதிக் கதை. ஐயம் அவருக்கு முன்பே இருந்தது. ரொட்டி அற்றுப்போய் மீண்டும் வந்தது அதை உறுதிசெய்தது. ஆய்வேடு 1950-இல்.

நம் பத்திரிகைகள் இதைக் 'குளூட்டன் ஒவ்வாமை' என்கின்றன. ஒவ்வாமை வேறு, உடல் தன்னையே தாக்கும் இந்நோய் வேறு. சொற்குழப்பத்தால் கெடுவது சாப்பாடுதான். ஒவ்வாமை என்று கேட்டவர் 'கொஞ்சம் தின்றால் என்ன' என்று ஒரு சப்பாத்தியில் தொடங்குவார். ரவை, சேமியாவை ஒதுக்கியவரும் சாம்பாரில் பெருங்காயத்தைப் போட்டுக்கொள்வார். கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலப்பதுண்டு என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

ஆகவே 'பசையக் குடலழற்சி' என்பதே தகும் பெயர் என்பேன். நோய் நடக்கும் இடமும் காரணமும் அதில் சேர்ந்தே நிற்கின்றன. மறுப்பவர்கள் குளூட்டமினுக்கு வேறொரு தகப்பனைக் காட்டிவிட்டு வரட்டும்.