ஆறு பஞ்சு உருண்டை

தாத்தா கடற்கரைக் கிராமத்து உபதேசியார். வீட்டு மாடக்குழியில் ஒரு தகரப் பெட்டி எப்போதும் தயாராக இருக்கும்: வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம், இரண்டு மெழுகுதிரி, தீர்த்தக் குப்பி, பஞ்சு. 'இழுத்துக்கிட்டுக் கிடக்காரு' என்று ஆள் வந்தால் தாத்தா பெட்டியோடு கிளம்புவார். பங்குச்சாமியாரைக் கூட்டிவர இன்னொருவர் சைக்கிளை எடுப்பார்.

பஞ்சை ஆறு உருண்டையாக உருட்டித் தட்டில் வைப்பது என் வேலை. கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று சாமியார் பெருவிரலால் எண்ணெய் தொட்டுச் சிலுவை வரைவார்; அந்தந்தப் புலன் செய்த பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பார். பெரிய வியாழனன்று ஆயர் மந்திரித்த ஒலிவ எண்ணெய் அது. ஒற்றியெடுக்கப் பஞ்சு, சாமியார் விரலைத் துடைக்க ஒரு துண்டு ரொட்டி. முடிந்ததும் இரண்டையும் எரித்துவிடுவார்கள். ரொட்டியே கண்டறியாத ஊர். என் கண்ணெல்லாம் அதன்மேல்தான்.

திருச்சபையின் ஏழு அருட்சடங்குகளான தேவதிரவிய அனுமானங்களில் இதற்கு அவஸ்தைப்பூசுதல் என்று பெயர். பெயரே ஆளைக் கொன்றது. 'சாமியைப் பாத்தா அவரு பயந்தே போயிருவாரு' என்று பெண்டாட்டிமார் கடைசி மூச்சுவரை தள்ளிப்போடுவார்கள். சைக்கிள் வந்து சேர்வதற்குள் பலபேர் முடிந்துபோவார்கள்.

அந்த இடைவெளிதான் தாத்தாவின் உத்தியோகம். பூசுதல் குருவானவருக்கு மட்டுமே உரியது என்று 1551-இல் திரெந்து சங்கம் வகுத்தது. பாவசங்கீர்த்தனம் செய்யும் விருப்பத்தோடு பாவங்களுக்காக வருந்தும் உத்தம மனஸ்தாபம் அதற்கு முன்பே மனிதனைக் கடவுளோடு ஒப்புரவாக்கும் என்று சொன்னதும் அதே அமர்வுதான். அந்த மனஸ்தாப மந்திரத்தைச் சாகிறவர் காதில் தாத்தா நிறுத்தி நிறுத்திச் சொல்வார். கண் செருகினாலும் காது கேட்கும் என்பது அவர் கணக்கு.

அவர் வேலைக்கு வயது நானூறுக்கு மேல். 1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார், ஊருக்கு ஊர் குருவானவரை வைக்க வழியில்லாமல், ஜெபம் சொல்லிக்கொடுக்கக் கணக்கப்பிள்ளைகளை நியமித்தார். அவர்கள் சம்பளத்துக்குப் போர்த்துக்கல் ராணியின் செருப்புச் செலவுக்கென்று இந்தத் துறையிலிருந்து போய்க்கொண்டிருந்த பணத்தைக் கேட்டு வாங்கினார். 1552 டிசம்பர் 3-ஆம் தேதி சீனக் கரையோரத் தீவொன்றில் அவரே இறந்தபோது பூசுவதற்கு எவருமில்லை. அந்தோணி என்ற சீன இளைஞன் எரியும் மெழுகுதிரியைக் கையில் பிடிக்கவைத்தான். 'சவேரியாருக்கே சாமி கிடைக்கல' என்று தாத்தா வீட்டாரைத் தேற்றுவார்.

சாவுக்கான உண்மையான அனுமானம் பூசுதல் அல்ல, சாகுமுன் வாங்கும் நற்கருணையான கடைசி நன்மைதான். சாகிறவருக்கு அந்த வழியுணவை மறுக்கக் கூடாது என்பதை 325-இல் நிசேயா சங்கமே பழைய சட்டம் என்றது. கடலுக்குப் போகிறவன் கொண்டுபோகும் கட்டுச்சோறு என்பார் தாத்தா. இதைவிட நல்ல விளக்கத்தை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

நோயாளிகளின் பூசுதல் என்பதே பொருத்தமான பெயர் என்று 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சொன்னது. 1972-இல் ஆறாம் பவுல் பாப்பரசர் சடங்கையும் சுருக்கினார்: இனி நெற்றியும் கைகளும் போதும். நோயில்பூசுதல் என்று புத்தகங்கள் மாற்றிக்கொண்டன. ஆச்சி சாகும்வரை அவஸ்தை என்றுதான் சொன்னாள்.

சடங்கு சுருங்கி இரண்டு வருஷம் கழித்துத் தாத்தா படுத்தார். நான் பழக்கதோஷத்தில் ஆறு உருண்டை உருட்டி வைத்திருந்தேன். புதுச் சாமியார் நெற்றியிலும் கைகளிலும் பூசி, ஜெபத்தை முடித்து எழுந்தார். தாத்தா போர்வைக்குள்ளிருந்து இரண்டு காலையும் வெளியே நீட்டி வைத்திருந்தார். கொஞ்சநேரம் பார்த்துவிட்டு ஆச்சி போர்வையை இழுத்து மூடினாள்.