பாடப்பெறாத வானூர்தி

நம் கூட்டங்களில் வானூர்தி பற்றிய பேச்சு எழுந்தால் புறநானூறும் சீவக சிந்தாமணியும் தவறாமல் எடுத்துக்காட்டப்பெறும். விசயை ஏறிச் சென்ற மயிற்பொறியைத் திருத்தக்கதேவர் பாடினார். அவருக்கு நெடுங்காலம் முன்னரே, உறையூர் முதுகண்ணன் சாத்தனார் செலுத்துவோன் இன்றிச் செல்லும் வானவூர்தியை நலங்கிள்ளியிடம் எடுத்துரைத்தார். இவற்றைச் சொல்லிப் பெருமிதம் கொள்ளும் நாம், சாத்தனார் அவ்வூர்திக்கு வகுத்த தகுதியை மறந்துவிடுகிறோம். புலவர் பாடும் புகழுடையோர்க்கே அது வாய்க்கும் என்பது அவர் கருத்து. அக்கருத்தின் பொருளை நான் உணர்ந்தது பெங்களூரில், ஓர் அருங்காட்சியகத்தின் முற்றத்தில்.

பழைய விமான நிலையச் சாலையில் இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் 2001-இல் திறந்த அருங்காட்சியகம் அது. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசின் துணையுடன் தொடங்கிய தொழிற்சாலையே இந்நிறுவனத்தின் வேர். உலகப் போர்க்காலத்தில் பிறநாட்டு விமானங்களைப் பழுதுபார்த்துத் தேர்ந்த தொழிற்சாலை, விடுதலைக்குப் பின் வி.எம். காட்கே தலைமையில் எச்.டி.-2 என்னும் பயிற்சி விமானத்தை வடிவமைத்தது. 1951-இல் அது வானேறியது. இன்று அச்சிறு விமானம் அங்கே அமைதியாக நிற்கிறது.

உடன் வந்த மாணவியர் நெடுநேரம் நின்றது மருத் என்னும் போர் விமானத்தின் முன்னர்தான். காற்றைக் குறிக்கும் பெயர். நாம் மாருதம் என வழங்குவதற்கு உறவான சொல். செருமானிய வல்லுநர் குர்ட் டாங்க் 1956-இல் பெங்களூர் வந்து நம் பொறியாளர்களுடன் இதனை உருவாக்கினார். முதலில் அதே வடிவில் மரத்தால் ஒரு மிதவை விமானம் செய்து, 1959-இல் டக்கோட்டா விமானத்தால் இழுத்துச் சென்று வானில் விடுத்து ஆராய்ந்தனர். 1961 ஜூன் 17 அன்று சுரஞ்சன் தாஸ் மருத்தை முதன்முதலாகப் பறக்கவிட்டார்.

உடல் அமைந்தது, அதற்கேற்ற உயிர் அமையவில்லை. ஒலியினும் இருமடங்கு விரைவை நாடி வரைந்த விமானம் இது. அதற்கென எண்ணியிருந்த ஆற்றல்மிக்க பிரிட்டானிய எஞ்சின் கைவிடப்பட்டது. அதனை வளர்த்தெடுக்கும் செலவை ஏற்க நம் அரசும் முன்வரவில்லை. ஆற்றல் குறைந்த ஆர்ஃபியஸ் எஞ்சின்கள் இரண்டைக் கொண்டு ஒலியின் விரைவை எட்டுவதே அரிதாயிற்று. ஆயினும் 147 விமானங்கள் கட்டப்பட்டன. 1971 போரில் ராஜஸ்தான் எல்லையில் தரைப்படைக்குத் துணை நின்ற மருத், 1990-இல் ஓய்வு பெற்றது.

அக்குறையை நீக்க, எஞ்சினுக்குக் கூடுதல் விசையூட்டிய ஒரு மாதிரி விமானத்தைப் பின்னர்ச் சோதித்தார்கள். 1970 ஜனவரி 10 அன்று அதனைச் செலுத்திய சுரஞ்சன் தாஸ் விபத்தில் உயிர் நீத்தார். பழைய மதராஸ் சாலையையும் பழைய விமான நிலையச் சாலையையும் இணைக்கும் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. நாள்தோறும் அவ்வழியே செல்வோருள் எத்தனை பேர் அவரை அறிவர்?

“அம்மா, அப்படியென்றால் இது தோற்றுப்போன விமானமா?” என்று மாணவி ஒருத்தி கேட்டாள். உடனே விடை சொல்ல எனக்கு இயலவில்லை. திரும்பும் வழியில்தான் சொன்னேன்: “தோல்வி விமானத்தினுடையது அன்று, அம்மா. கட்டியவர்களுக்குப் பக்கத்தில் நின்று முடிக்கும் மனம் நமக்கு இல்லாமற் போயிற்று.”

வரலாறு எழுதுவோர் வெற்றியை மட்டும் குறித்துவைத்தால், அடுத்த தலைமுறை எதிலிருந்து கற்கும்? பாட்டில் பறந்த ஊர்தியைப் போற்றுவது எளிது; அதற்கு எஞ்சின் தேவையில்லை, விபத்தும் இல்லை. மரத்தை இழைத்தும் தகட்டை அறைந்தும் மெய்யாகவே ஒன்றை வானேற்றியவர்களுள் பெரும்பாலோர் பெயரற்றுப் போயினர். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்துக் கவிஞர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றே. புலவர் பாடும் புகழ் இன்னும் அவர்களைச் சேரவில்லை. அதனைத் தர வேண்டியவர்கள் நீங்கள்.