பனிமலை உடையும் உள்நாட்டு உற்பத்தியும்

சமவெளியில் வாழும் நமக்கு உடை மானத்தைக் காப்பது, அழகைக் கூட்டுவது. இமயத்தின் பனிமுகட்டில் நிற்பவனுக்கோ அது உயிரைக் காப்பது. அங்கே கையுறையில் ஒரு கிழிசல் விரலைப் பறித்துவிடும். நனைந்த காலுறை பாதத்தையே பறித்துவிடும். இத்தகைய உடையை நம் நாட்டிலேயே ஆக்கிக்கொள்வதா, அயல்நாடுகளிலிருந்து வாங்குவதா என்னும் வினா நம்முடைய அண்மை வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்திருக்கிறது. அதனை விலைக் கணக்காக மட்டும் பார்த்தவர்களுக்குச் சில வேளைகளில் வரலாறு கடுமையான பாடம் கற்பித்தது. அந்த வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம்.

பனிமலை உடை எவ்வாறு வேலை செய்கிறது என்பதை முதற்கண் அறிந்துகொள்ளுதல் நலம். கனத்த உடை ஒன்றை அணிந்துவிட்டால் குளிர் அணுகாது என்று நினைப்பது பிழை. சுமையோடு மலையேறுபவன் கடுங்குளிரிலும் வியர்க்கிறான். அந்த வியர்வை உடையில் தங்கி, அவன் நின்றவுடன் உடலின் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. பருத்தி இதற்கு ஏற்றதன்று. அது ஈரத்தைக் குடித்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். கம்பளியோ நனைந்தபோதும் ஓரளவு வெப்பம் காக்கும். ஆகையால் இந்நாளைய பனிமலை உடை மூன்று அடுக்குகளாக அமைகிறது. உள்ளடுக்கு வியர்வையைத் தோலிலிருந்து அகற்றுகிறது. நடுவடுக்கு காற்றைத் தன்னுள் அடைத்து வெப்பத்தைக் காக்கிறது. வெளியடுக்கு காற்றையும் பனிநீரையும் தடுக்கிறது. அதே வேளையில் உள்ளிருந்து வரும் ஆவியை வெளியே விடுகிறது. நீரைத் தடுத்து ஆவியை விடுவது எளிய செயலன்று. இந்த உற்பத்தியின் அருமை அதில்தான் இருக்கிறது.

நம் நாட்டில் குளிருடை புதிதாகத் தோன்றியதன்று. லடாக்கின் மக்கள் தாமே நூற்று நெய்த கம்பளியில் கோஞ்சா என்னும் நீண்ட அங்கியைத் தைத்து, எண்ணற்ற குளிர்காலங்களைக் கடந்து வந்திருக்கின்றனர். ஆலைத் தொழிலிலும் நாம் பின்தங்கியிருக்கவில்லை. 1876இல் கான்பூரில் தொடங்கிய கம்பளி ஆலை, பின்னர் ‘லால் இம்லி’ என்னும் பெயரால் புகழ்பெற்றது. 1880இல் பஞ்சாபின் தாரிவாலில் மற்றோர் ஆலை எழுந்தது. படைகளுக்குப் போர்வையும் மேலங்கியும் நெய்தளித்த இவ்வாலைகள் 1920இல் ஒரே நிறுவனத்தின்கீழ் வந்தன. அந்த நிறுவனம் 1981இல் நாட்டுடைமையாயிற்று. பின்னாளில் ஆலைகளின் உற்பத்தி நின்றுபோயிற்று. கம்பளி நெய்யும் திறமை நம்மிடம் நெடுங்காலம் இருந்தது. ஆயின், பனிமலை உடையின் தொழில்நுட்பம் இதற்குள் வேறு திசையில் சென்றுவிட்டது.

அத்திசையைக் காட்டியவர்கள் மலையேறுவோர். 1922இல் எவரெஸ்டுக்குச் சென்ற ஜார்ஜ் ஃபின்ச், பலூன் துணிக்குள் பறவையின் மென்தூவியை நிரப்பித் தைத்த அங்கியை அணிந்திருந்தார். 1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் டென்சிங் சிகரத்தில் நின்றபோது அவர் மேனியில் பல நாடுகள் ஒன்றுகூடியிருந்தன. காலணி சுவிஸ் நாட்டார் தந்தது. காற்றுத்தடை உடை பிரிட்டிஷ் பயணக்குழுவினுடையது. கழுத்தில் இருந்த சிவப்புத் துணி, முந்தின ஆண்டு உடன் ஏறிய சுவிஸ் நண்பர் லாம்பர்ட் அளித்தது. காலுறையோ அவருடைய மனைவி ஆங் லாமு பின்னியது. வீட்டிலே பின்னிய கம்பளியும் அயல்நாட்டு ஆலைத்துணியும் சேர்ந்தே அவரை உச்சிக்குக் கொண்டுசென்றன. 1954இல் டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்ற நிலையம் தோன்றியது. 1960இலும் 1962இலும் இந்தியக் குழுக்கள் எவரெஸ்டை முயன்று திரும்பின. 1965இல் கோலி தலைமையில் சென்ற குழுவினர் ஒன்பதின்மர் சிகரத்தை எட்டினர்.

மலையேற்றம் விரும்பிச் செல்வது, போர் அப்படியன்று. 1962ஆம் ஆண்டு அக்டோபரில் வடகிழக்கு எல்லையில், நாம்கா சூ ஆற்றின் கரையில், நம் வீரர்கள் பருத்தி உடையும் கித்தான் காலணியும் அணிந்து நின்றனர் என்பது அனைவரும் அறிந்த துயரச் செய்தி. சமவெளியிலிருந்து விரைந்து அனுப்பப்பட்ட அவர்களுக்குக் குளிருடை போதிய அளவில் வந்து சேரவில்லை. பகைவரின் குண்டோடு பனிக்கடியையும் அவர்கள் எதிர்கொள்ள நேர்ந்தது. அந்நாட்களில் நாடெங்கும் பெண்கள் வீரர்களுக்காகக் கம்பளிச் சட்டைகள் பின்னித் தந்தனர். அந்த அன்பு போற்றத்தக்கது. எனினும், பெருநாடு ஒன்றின் எல்லையைக் காப்போர் குளிர்காலத் தொடக்கத்தில் வீட்டுப் பின்னலை நம்பியிருக்க நேர்ந்தது, உற்பத்தியில் இருந்த குறையை வெளிப்படுத்தியது. உயர்மலையில் மனித உடலின் இயல்பை ஆராயும் பாதுகாப்புத்துறை ஆய்வுக்கூடம் ஒன்று தில்லியில் நிறுவப்பட்டதும் அதே 1962இல்தான்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர் வினா புதிய வடிவில் எழுந்தது. ஏறத்தாழ 76 கிலோமீட்டர் நீளமுள்ள சியாச்சின் பனியாற்றின் மேலுள்ள கணவாய்களைக் கைக்கொள்ள 1984ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் நம் படைகள் சென்றன. ஏறத்தாழ 18,000 அடி உயரமுள்ள பிலாஃபாண்ட் கணவாயில், கேப்டன் சஞ்சய் குல்கர்னியின் தலைமையில் ஒரு சிறு பிரிவு ஹெலிகாப்டரில் இறங்கியது. அவர்களுக்குரிய பனிமலை உடைகள் ஐரோப்பாவிலிருந்து வந்து சேர்ந்தது அதற்கு முந்தின நாளில்தான். ஒரு நாள் பிந்தியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்நிகழ்ச்சியைக் குறித்துப் படைத்தலைவர்கள் பிற்காலத்தில் கூறிய செய்தி ஒன்று சிந்திக்கத்தக்கது. இரு நாடுகளும் லண்டனிலுள்ள ஒரே வணிகரிடம் குளிருடை கேட்டிருந்தனவாம்; பாகிஸ்தான் எவ்வளவு கேட்டது என்பதிலிருந்தே அதன் நோக்கத்தை நம்மவர் உய்த்துணர்ந்தனராம். இது அன்று நமக்கு நன்மையாக முடிந்தது. ஆயின், அதே வாயில் இருபுறமும் திறப்பது. அயல்நாட்டுக் கடையில் நாம் கொடுக்கும் வேண்டுகோள் சரக்கை மட்டும் கொண்டுவருவதில்லை. நம் எண்ணத்தையும் வெளியே கொண்டுசெல்கிறது.

அப்படியானால் நாம் ஏன் அயல்நாட்டை நாடினோம்? இதற்குச் சோம்பலைக் காரணமாகக் கூறுவது நியாயமன்று. 1969இல் அமெரிக்காவில் பாப் கோர் என்பவர், டெஃப்லான் என்று வழங்கும் பொருளைச் சட்டென்று இழுத்து விரித்தபோது அது நுண்துளைகள் நிறைந்த மென்படலமாக மாறியதைக் கண்டார். நீர்த்துளி நுழைய முடியாத அளவு சிறியவை, ஆவி வெளியேறப் போதிய அளவு பெரியவை அத்துளைகள். ‘கோர்-டெக்ஸ்’ என்னும் பெயரோடு 1976இல் அது சந்தைக்கு வந்தது. அதை வாங்கியவர்கள் மலையேறுவோரும் நெடுநடைப் பயணிகளும் பனிச்சறுக்கு விளையாடுவோரும் ஆவர். பொதுமக்களின் வாங்கும் சக்தி மேலைநாடுகளில் அத்தொழிலை ஊட்டி வளர்த்தது. நம் நாட்டிலோ அந்நாளில் இவ்வுடையை வாங்குவோர் பெரும்பாலும் அரசும் படையுமே. ஓராண்டு பெரிய வேண்டுகோள், மறு ஆண்டு ஒன்றுமில்லை என்னும் நிலையில் எந்த ஆலை முதலீடு செய்யும்? மேலும், செய்த உடையைக் கடுங்குளிரில் சோதிக்க ஒரு பனிக்காலம் காத்திருக்க வேண்டும். குறை கண்டால் திருத்தி அடுத்த பனிக்காலத்திற்குக் காத்திருக்க வேண்டும். எல்லையில் நிற்பவனோ காத்திருக்க இயலாது.

இவ்விடத்தில் அமெரிக்கர் செய்த ஏற்பாடு ஒன்றை நினைவுகூர்தல் பொருந்தும். ‘பெர்ரி திருத்தம்’ என்று வழங்கும் விதி 1941 முதல் அங்கே நடைமுறையில் உள்ளது. படைகளுக்கு வாங்கும் உடை, தையலில் மட்டுமன்றித் துணியிலும் நூலிழையிலும் உள்நாட்டுப் பொருளாக இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். சில விலக்குகளும் உண்டு. அந்நாட்டின் பொதுமக்கள் உடுத்தும் துணிகளின் தையல் பெரும்பாலும் ஆசிய நாடுகளுக்குச் சென்றுவிட்ட பின்னரும், படையுடை செய்யும் ஆலைகள் அங்கே எஞ்சி நிற்பதற்கு இவ்விதி ஒரு காரணம். இதனால் விலை கூடுகிறது என்பது உண்மை. அந்தக் கூடுதல் விலையை நெருக்கடிக் காலத்துக்கான காப்புறுதித் தொகையாக அவர்கள் கருதினர்.

அவ்வாறு கருதாமையின் விலை என்ன என்பதை நம்முடைய ஆவணங்களே கூறுகின்றன. 2020 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை, உயர்மலை உடைகளின் கொள்முதலில் நீண்ட தாமதங்களைச் சுட்டியது. 2015 நவம்பர் முதல் 2016 செப்டம்பர் வரை வீரர்களுக்குப் புதிய பல்நோக்குக் காலணிகள் வழங்கப்படாமல், இருந்தவற்றையே செப்பனிட்டு மீண்டும் பயன்படுத்த நேர்ந்தது. முகமூடி, மேலங்கி, உறக்கப்பை ஆகியன பழைய தரக்குறிப்பின்படி வாங்கப்பட்டன. ஆய்வுக்கூடங்களின் ஆராய்ச்சிக் குறைவும் உள்நாட்டாக்கத்தின் தாமதமும் இறக்குமதிச் சார்பை நீட்டித்தன என்றும் அவ்வறிக்கை கூறிற்று. அதே ஆண்டு லடாக் எல்லையில் பதற்றம் மூண்டபோது, குளிர்காலத்துக்குரிய உடைகளை அமெரிக்காவிலிருந்து விரைந்து பெற வேண்டியதாயிற்று.

பின்னர் மாற்றம் தொடங்கியது. 2021 டிசம்பரில் பாதுகாப்பு ஆராய்ச்சி மற்றும் மேம்பாட்டு நிறுவனம், தான் வகுத்த மூன்றடுக்குக் கடுங்குளிர் உடையின் தொழில்நுட்பத்தை ஐந்து இந்திய நிறுவனங்களுக்கு அளித்தது. 15 டிகிரி வெப்பம் முதல் உறைநிலைக்குக் கீழ் 50 டிகிரி வரை, அடுக்குகளைக் கூட்டியும் குறைத்தும் அணியத்தக்கது அது. அதே ஆண்டு அக்டோபர் முதல் நாளில் அரசின் படைத்துறைத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. கான்பூர், ஷாஜகான்பூர் ஆகிய ஊர்களின் ஆலைகளோடு சென்னையை அடுத்த ஆவடியின் உடைத் தொழிற்சாலையும் அவற்றுள் ஒன்றன்கீழ் வந்தது. பனியையே காணாத ஊரில் தையல் எந்திரத்தின்முன் அமர்பவரும் நாட்டின் படைவீரரைக் காக்கும் பணியில் பங்குபெறுகிறார்.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘உள்நாட்டுத் தயாரிப்பு’ என்னும் சொல் எளிமையாகத் தோன்றினும் அதனுள் பல படிகள் அடங்கியுள்ளன. தைப்பது ஒரு படி; துணி நெய்வது மற்றொன்று; இழையையும் மென்படலத்தையும் ஆக்குவது மூன்றாவது; வடிவமைத்துச் சோதித்துத் திருத்துவது நான்காவது. அயல்நாட்டுத் துணியை வாங்கி இங்கே தைத்துவிட்டு உள்நாட்டு உடை என்று நாம் மனநிறைவு கொண்டால், அடுத்த நெருக்கடியில் துணிக்காகக் காத்திருப்போம். மறுபுறம், உள்நாட்டுச் சரக்கு என்னும் பெயருக்காகத் தரம் குறைந்ததை வீரனுக்கு அணிவித்தால் அது நாட்டுப்பற்று ஆகாது. பனி, உடை எந்நாட்டில் ஆனது என்று கேட்பதில்லை. ஆவி வெளியேறுகிறதா, தையல் நிற்கிறதா என்பதையே சோதிக்கிறது.

ஆகவே இரு வாதங்களிலும் உண்மை உண்டு. திறன் கைகூடும்வரை சிறந்ததை எங்கிருந்தும் வாங்குவது கடமை. அவ்வாறு வாங்கும் காலத்திலேயே அத்திறனை ஒவ்வொரு படியாக வளர்ப்பதும் கடமை. முதற்கடமையை மட்டும் செய்தோர் 1984இல் ஒரு நாள் இடைவெளியில் தப்பினர். இரண்டையும் மறந்ததன் விளைவு 1962இன் பருத்தி உடை. ஆலை, ஆய்வுக்கூடம், அமைதிக் காலத்திலும் தளராத வேண்டுகோள் ஆகிய மூன்றும் ஒருங்கே நிலைபெறுமாயின், பனிமுகட்டில் நிற்பவன் தன் உடைக்காகக் கப்பலையும் விமானத்தையும் எதிர்பார்க்க வேண்டிய நிலை நேராது.