பந்தியும் குவளையும்

உத்திரமேரூர் என்றவுடன் கற்றோர் அனைவரும் குடவோலையைப் பற்றிப் பேசுவர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டுக்களைக் காணப் பிற நாட்டாரும் வருகின்றனர். அவை பெருமைக்குரியன என்பதில் நமக்கும் ஐயமில்லை. ஆயினும் அவற்றை முழுவதும் படிப்போர், வாரியங்களில் இடம்பெறுவதற்குச் சொந்த நிலமும் வேதக் கல்வியும் வேண்டப்பட்டன என்பதையும் காண்பர். அது பிரமதேயச் சபை. நிலத்தை உழுதவன் பெயர் அக்குடத்தில் விழ வழியில்லை. காவாந்தண்டலத்திலும் அதன் சுற்று வட்டாரத்திலும் வாழும் நம் மக்களின் வரலாற்றைக் கல்லில் தேடிப் பயனில்லை. களத்து மேட்டிலும், ஏரிக்கரையிலும், தேநீர்க் கடை வாசலிலும் தேடுதல் வேண்டும். இம்மூன்றனுள் கடைசியாகச் சொன்னதைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

இன்று நம் இளைஞர்கள் காஞ்சிபுரம் சென்றாலும் உத்திரமேரூர் சென்றாலும், பேருந்து நிலையத்தை அடுத்த ஓட்டலில் நுழைந்து, காலியாக உள்ள நாற்காலியில் அமர்ந்து, வேண்டியதைக் கேட்டு உண்டு, பணத்தைக் கல்லாவில் வைத்துவிட்டு வருகின்றனர். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்கலாம். அந்த நாற்காலியின் வயது நூறு ஆண்டு கூட இல்லை என்பதே எம் விடை.

சமைத்த சோற்றை விலைக்கு விற்பது பாவம் எனக் கருதப்பட்ட நாடு இது. வழிநடையாளர்க்குச் சத்திரங்கள் இருந்தன. அவையும் சாதி பார்த்தே இலை போட்டன. இரயிலும், வழக்குமன்றங்களும், தாலுகா கச்சேரிகளும் வந்த பின்னரே ஊர்விட்டு ஊர் வந்தோர்க்குப் பணம் கொடுத்து உண்ணும் இடங்கள் தேவைப்பட்டன. ‘பிராமணாள் காபி கிளப்’ என்ற பலகைகள் தொங்கின. உள்ளே பிராமணர்க்கு ஓரிடம், ஏனையோர்க்கு வேறிடம். நம் மக்களுக்கோ இரண்டு இடமும் இல்லை. வழக்குக்காகவோ மருத்துவத்துக்காகவோ நகரம் சென்ற நம் முன்னோர் கட்டுச்சோற்றை மரத்தடியில் அவிழ்த்து உண்டு திரும்பினர்.

சேரன்மாதேவி குருகுலத்தில் இரு பிராமண மாணவர்க்குத் தனிப்பந்தி இடப்பட்டதை எதிர்த்து 1924, 1925ஆம் ஆண்டுகளில் தமிழகமே கொந்தளித்தது. வ.வே.சு. ஐயர் நடத்திய அக்குருகுலத்தின் பந்தியை எதிர்த்து டாக்டர் வரதராஜுலு நாயுடுவும் தந்தை பெரியாரும் போராடினர். இரயில் நிலைய உணவுச் சாலைகளில் பிராமணர்க்கும் பிறர்க்கும் இருந்த பிரிவினை 1941இல் நீங்கியது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபேயின் ‘பிராமணாள்’ பலகைக்கு எதிராக மறியல் நடைபெற்றது. இவையனைத்தும் நல்ல போராட்டங்களே. எனினும் நம் மக்களின் கண் கொண்டு பார்ப்போர்க்கு ஒன்று தோன்றாமற் போகாது. உள்ளே எந்தப் பந்தியில் அமர்வது என்பது அங்கே வழக்கு. வாசற்படியை மிதிக்கலாமா என்பது நம் வழக்கு. இரண்டும் ஒன்றல்ல.

நம் வழக்கை முதலில் சட்டமன்றத்திற்குக் கொண்டுசென்றோருள் இருவர் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தவர் என்பது நாம் பெருமைப்படத்தக்கது. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் கோழியாளத்தில் பிறந்தவர், எம்.சி. ராஜா அவர்கள் பரங்கிமலையில் பிறந்தவர். ஆர். வீரையன், இரட்டைமலை சீனிவாசன் முதலியோரின் முயற்சியால், பொதுத் தெருக்கள், கிணறுகள், குளங்கள், அலுவலகங்கள் எல்லார்க்கும் உரியன என்னும் தீர்மானம் 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் எழுந்தது. எம்.சி. ராஜா கொண்டுவந்த சிவில் உரிமைத் தடை நீக்கச் சட்டம் 1938இல் நிறைவேறியது. இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராயிருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என ஆணையிட்டார். வாணிகனுக்கு அறிவுரையைக் காட்டிலும் உரிமம் போகும் என்ற அச்சம் விரைந்து உறைக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

1948 நவம்பர் 29ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் நடந்த விவாதத்தை நம் இளைஞர் ஒவ்வொருவரும் தேடிப் படித்தல் வேண்டும். கடைகள், உணவு விடுதிகள், ஓட்டல்களில் எவரையும் சாதியால் தடுத்தல் கூடாது என்னும் விதி (இன்றைய 15ஆவது உறுப்பு) அன்று விவாதத்திற்கு வந்தது. ‘கடை’ என்ற சொல் எதைக் குறிக்கும் என்ற வினா எழுந்தபோது, விலைக்குப் பணி செய்யும் எவரையும், சலவை செய்வோரையும் முடிதிருத்தும் நிலையத்தையும் கூட, அச்சொல் அடக்கும் என அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். இந்த விளக்கம் ஏட்டுக் கல்வியிலிருந்து மட்டும் வந்ததன்று. பரோடாவில் உயர் பதவி ஏற்கச் சென்றும் தங்க ஓர் இடம் கிடைக்காமல் அலைந்தவர் அவர். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது உறுப்பும் அதே நாளில் ஏற்கப்பட்டது.

இதன்வழி வந்த 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம் அவ்வாண்டு சூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் நான்காம் பிரிவு ஓட்டலுக்குள் நுழையும் உரிமையோடு நின்றுவிடவில்லை. அங்குப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கென வைத்துள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தும் உரிமையையும் சேர்த்துச் சொல்கிறது. ஒரு குவளைக்காக இந்நாட்டின் நாடாளுமன்றம் சட்டம் எழுத வேண்டியிருந்தது!

அந்தக் குவளையின் கதை நகரத்தினும் சிற்றூரிலேயே நீண்டது. 1930களில் தேயிலை விற்பனையைப் பெருக்கப் பெரும் பிரசாரம் நடைபெற்றது. காலப்போக்கில் தேநீர் உழைப்பாளியின் பானமாகி, ஊர்தோறும் கொட்டகைக் கடைகள் தோன்றின. பிறர்க்குக் கண்ணாடிக் குவளை. நம் மக்களுக்குக் கொட்டாங்கச்சி, அல்லது தகரக் குவளை, அல்லது அலுமினியக் குவளை. அது கடைக்கு வெளியே, கூரைச் சரிவிலோ மூங்கில் முளையிலோ தொங்கும். குடிப்பவனே எடுத்துக் கழுவ வேண்டும். மேலிருந்து ஊற்றுவதைத் தொடாமல் ஏந்த வேண்டும். பலகையில் அமராது தரையில் குந்திக் குடித்து, மீண்டும் கழுவி மாட்டிவிட்டுப் போக வேண்டும். காசு மட்டும் எல்லார் காசோடும் ஒரே பெட்டியில் விழுந்தது. காசுக்குத் தீட்டு இல்லை போலும்.

நகரத்து ஓட்டல் ஏன் முந்தித் திறந்தது, சிற்றூர்க் கடை ஏன் பிந்தியது? நகரத்தில் வருபவன் இன்னான் என்பது கடைக்காரனுக்குத் தெரியாது. பேருந்திலிருந்து இறங்கியவனின் சட்டையில் சாதி எழுதப்படவில்லை. விசாரித்துக்கொண்டிருந்தால் வாணிகம் நடவாது. சிற்றூரிலோ ஒவ்வொருவன் முகமும் தெரியும், அவன் தெருவும் தெரியும். பெருங்குடியினர் வாரார் என்ற அச்சம் கடைக்காரனுக்கு. மறுநாள் கூலி வேலை இல்லை என்று சொல்லிவிடுவர் என்ற அச்சம் நம்மவனுக்கு. ஆகவே, நகரத்து ஓட்டலைத் திறந்ததில் சட்டத்துக்கு நிகராகப் பேருந்துக்கும் பங்குண்டு என்பது எம் கருத்து. கூலிக்காக ஊரை நம்பி நிற்பவன் குவளைக்காக வழக்காடுதல் அரிது.

அமெரிக்காவிலும் இதுவே நடந்தது. வட கரோலினா மாநிலத்துக் கிரீன்ஸ்பரோ நகரில், வூல்வொர்த் கடையில் கறுப்பின மக்கள் சாமான் வாங்கலாம். உணவு மேடையில் அமரலாகாது. 1960 பிப்ரவரி 1ஆம் நாள் நான்கு கறுப்பின மாணவர்கள் அம்மேடையில் அமர்ந்து காபி கேட்டனர். கொடுக்கப்படவில்லை, அவர்களும் எழவில்லை. நாள்தோறும் கூட்டம் பெருகி, அவ்வாண்டு சூலையில் மேடை திறந்தது. 1964இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. அமர்ந்தவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதைக் கவனித்தல் நலம்.

நம்மிடையேயும் அத்தகையோர் இருந்தனர். காட்டுமன்னார்கோயில் பகுதியில் பிறந்த பெரியவர் எல். இளையபெருமாள், தாழ்த்தப்பட்ட மாணவர்க்கெனப் பள்ளியில் வைத்திருந்த தனிப்பானையைச் சிறுவனாயிருந்தபோதே உடைத்தவர். 1952இல் நாடாளுமன்றம் சென்றார். 1965இல் அமைந்து 1969இல் அறிக்கை அளித்த, தீண்டாமை பற்றிய அகில இந்தியக் குழுவுக்கு அவரே தலைவர். முந்திய சட்டத்தில் அபராதத்தோடு தப்பிவிட வழி இருந்தது. அச்சட்டம் திருத்தப்பட்டு, குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயருடன் 1976 நவம்பர் 19 முதல் நடைமுறைக்கு வந்தபோது, குறைந்தது ஒரு மாதச் சிறையும் அபராதமும் கட்டாயமாயின. பாதிக்கப்பட்டவர் தாழ்த்தப்பட்டவராயின், செயல் தீண்டாமையின்பாற்பட்டதே என நீதிமன்றம் கருத வேண்டும் என்று முந்திய சட்டத்திலேயே இருந்த விதியும் தொடர்ந்தது. பானையை உடைத்த சிறுவனின் கை இச்சட்டத்தில் இருக்கிறது. பின்னர் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும், 2016 சனவரி 26 முதல் அதன் திருத்தமும் வந்தன. பொது இடத்துப் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது இன்று வன்கொடுமைக் குற்றம்.

சட்டம் இவ்வளவு இருந்தும், பதினொரு மாநிலங்களில் 565 சிற்றூர்களை ஆராய்ந்து 2006இல் வெளிவந்த நூல், தனிக்குவளை பல ஊர்களில் நீடித்ததைக் காட்டிற்று. பிறரை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. அருந்ததியர் வீட்டிலும் புதிரை வண்ணார் வீட்டிலும் கை நனைக்கத் தயங்குவோர் நம்முள்ளும் இருக்கின்றனர். அவர்கள் தம் திண்ணையில் மாட்டி வைத்திருப்பதும் அதே தகரக் குவளைதான்.

இடையே காகிதக் குவளை வந்தது. எல்லார்க்கும் ஒரே குவளை, குடித்தபின் எறிந்துவிடலாம் என்றவுடன் பல கடைகளில் சண்டை ஓய்ந்தது. தனிக்குவளையை எடுத்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டனர். எடுத்ததா, மறைத்ததா என்று சொல்வதற்கில்லை. பிளாஸ்டிக் பூச்சிட்ட காகிதக் குவளைகளை 2019 சனவரி 1 முதல் தமிழக அரசு தடை செய்தது. தடை கடைப்பிடிக்கப்படும் இடங்களில் கழுவிக் கவிழ்க்கும் குவளைகளுக்கு மீண்டும் தேவை பிறந்துள்ளது. அவை ஒரே தட்டில் கவிழ்ந்துள்ளனவா, இரண்டு தட்டிலா என்பதை நம் சங்கத்து இளைஞர்கள் செல்லும் ஊர்தோறும் பார்த்து, நாளும் இடமும் குறித்து, சங்கத்துப் பதிவேட்டில் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். முதல் பக்கத்தைக் காவாந்தண்டலத்துக்கு ஒதுக்கியுள்ளோம்.