நாம் கோர்ட்டுப் படி ஏறிய கதை



ஆண்டு மலருக்குச் சேமிப்பு எவ்வளவு, சுழல்நிதி எவ்வளவு, எத்தனை கறவை மாடு வாங்கினோம் என்பதையெல்லாம் மற்றவர்கள் எழுதுகிறார்கள், நீங்க பழைய கதை எழுதுங்கக்கா என்று பொறுப்பாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். பழைய தீர்மானப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் எழுதிய பிறகு கடைசியில் 'இதர விஷயங்கள்' என்று ஒரு வரி வரும். 'உறுப்பினர் ஒருவரின் குடும்பப் பிரச்சினை குறித்துப் பேசப்பட்டது.' இதே வரி எத்தனை தடவை! அந்த வரிக்குள்ளே இருந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பேர் எதுவும் போடவில்லை.

குழு வருவதற்கு முன்னாலிருந்தே ஆரம்பிக்கணும். 1971-ல் எனக்கு மூன்று வயது. அப்பா இன்னொரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஊர்ப் பெரியவர்கள் கோயில் திண்ணையில் கூடி அம்மாவை அத்துவிட்டார்கள். ஒரு வெள்ளைத் தாளில் 'இனி ஒருவர் மேல் ஒருவருக்குப் பாத்தியதை இல்லை' என்று எழுதி, இரண்டு பேரிடமும் கைநாட்டு வாங்கினார்கள். அம்மா கொண்டுபோன பித்தளைக் குடமும் இரண்டு ஆடும் திரும்பி வந்தன. இந்தப் பிள்ளைக்குச் சோறு யார் போடுவது என்று யாரும் கேட்கவில்லையாம்.

எங்கள் தருமபுரிப் பக்கம் பல சாதிகளில் அத்துவிடுவதும், அத்துவிட்ட பெண் மறுபடி கட்டிக்கொள்வதும் ரொம்ப காலமாக உண்டு. அதை நான் கேவலமாகச் சொல்லவில்லை. ஒத்துவராத கல்யாணத்திலிருந்து வெளியே வர ஒரு வழி இருந்ததே, அது பெரிசு. ஆனால் வழி விட்டவர்கள் வயித்துக்கு ஒன்றும் சொல்லவில்லை.

சட்டம் அப்போதும் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1949-லேயே இருதார மணத்தைத் தடுத்து, விவாகரத்துக்கும் இடம் கொடுத்த ஒரு சட்டம் வந்துவிட்டது. 1955-ல் நாடு முழுவதற்கும் இந்து திருமணச் சட்டம் வந்தது. அதன் 29-வது பிரிவு, வழக்கப்படி அத்துக்கொள்ளும் உரிமையை அப்படியே விட்டு வைத்தது. ஜீவனாம்சத்துக்கு 1898-ம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 488-வது பிரிவு. அதில் ஒரு ஓட்டை. மனைவியாக இருக்கிறவளுக்குத்தான் பணம், அத்துவிட்டால் மனைவி இல்லை, ஆகவே அம்மாவுக்குக் கிடையாது. பிள்ளையான எனக்கு உண்டு. அப்பா மேல் எனக்கு அந்த உரிமை இருந்தது என்பது எனக்குத் தெரிந்தபோது எனக்கே இரண்டு பிள்ளைகள்.

1974 ஏப்ரல் 1-ந் தேதி புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் 125-வது பிரிவில், விவாகரத்தாகி மறுமணம் செய்யாத பெண்ணும் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று ஆனது. அம்மாவின் தாளுக்கு அப்போது மூன்று வயது. அம்மா கல்லுடைக்கப் போய்க்கொண்டிருந்தார். யாரும் வந்து சொல்லவில்லை.

நம் மாவட்டத்தில் 1989-ல் ஐஃபாத் உதவியோடு மகளிர் திட்டம் தொடங்கி, எங்கள் ஊரில் 1992-ல் குழு அமைந்தது. தமிழ்நாட்டில் மகளிர் காவல் நிலையம் வந்ததும் அதே வருஷம்தான். வாரம் பத்து ரூபாய் போடத்தான் கூடினோம். ஆனால் இருபது பெண்கள் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பத்து ரூபாயை மட்டுமா பேசுவார்கள்?

நாங்கள் முதன்முதலில் வக்கீல் பிடித்தது 1996-ல். உறுப்பினர் ஒரு தங்கச்சி. வீட்டுக்காரர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனவர், இரண்டு வருஷமாகப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. நான்கு பேர் பஸ் ஏறிப் போனோம். யாரைப் பார்ப்பது, என்ன கேட்பது, ஒன்றும் தெரியாது. இருக்கிறதிலேயே பெரிய போர்டு எங்கே என்று பார்த்து உள்ளே நுழைந்தோம். வக்கீலைப் பார்ப்பதற்கு முன்பே குமாஸ்தா 500 ரூபாய் வாங்கிக்கொண்டார். வக்கீல் ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு, "டைவர்ஸ் போட்டுடலாம்மா" என்றார். தங்கச்சி டைவர்ஸ் கேட்கவே இல்லை. பிள்ளைகளுக்கு அரிசி வாங்கக் காசு கேட்டாள். இரண்டும் வேறு வேறு கேஸ் என்பதுகூட எங்களுக்குத் தெரியாது. பெரியவர் சொல்றார், சரியாத்தான் இருக்கும் என்று தலையாட்டினோம். வக்காலத்திலும் ஆறு வெற்றுத் தாளிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

நாலு வருஷம். வாய்தாவுக்கு வாய்தா 150 ரூபாய், பஸ் காசு தனி, அன்றைய கூலி போச்சு. நாலாவது வருஷம் ஒரு பெண் ஜூனியர் வக்கீலிடம் தற்செயலாகப் பேசியபோதுதான், ஜீவனாம்சத்துக்கு மனுவே போடவில்லை என்று தெரிந்தது. கேஸ் கட்டைக் கொடுங்க, வேற வக்கீல் வச்சுக்கறோம் என்றோம். பாக்கி 3000 கட்டினால்தான் கட்டு வரும் என்றார்கள். குழுவில் கடன் போட்டு அந்தக் கட்டை மீட்டோம். நகையை மீட்கிற மாதிரி! பீஸ் பாக்கிக்காக வக்கீல் கேஸ் கட்டைப் பிடித்து வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் சொல்லியிருந்தது. அதைப் பின்னாளில் ஒரு பயிற்சியில்தான் கேட்டேன். பயிற்சி நோட்டில் அந்த வரியின் கீழே மூன்று கோடு போட்டிருக்கிறேன்.

இன்னொன்று இதைவிட வயிற்றெரிச்சல். இலவசச் சட்ட உதவிச் சட்டம் 1995 நவம்பர் 9-லிருந்தே அமலில் இருக்கிறது. பெண் என்றால் போதும், வருமானச் சான்றுகூட வேண்டாம், வக்கீல் அரசாங்கச் செலவில். வட்ட சட்டப் பணிகள் குழுவின் அறை அதே கோர்ட்டு வளாகத்தில், சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. நாலு வருஷமாக அதைத் தாண்டித்தான் போய் வந்தோம்.

அந்த ஜூனியர் அம்மா போட்ட மனுவில் மாதம் 300 ரூபாய் உத்தரவாச்சு. சட்டத்தில் அப்போது உச்சவரம்பே 500 தான். 2001-ல் அந்த வரம்பை எடுத்தார்கள். கேஸ் முடிகிற வரைக்கும் இடைக்கால ஜீவனாம்சம் உண்டு என்பதும் அந்தத் திருத்தத்தில்தான் வந்தது. கிறிஸ்தவ சகோதரிகளுக்கும் அது முக்கியமான வருஷம். அதுவரை 1869-ம் வருஷத்துச் சட்டப்படி, கணவனுக்கு ஒரு காரணம் போதும், மனைவியோ கணவனின் தகாத உறவோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்கணும். 2001-ல்தான் இருவருக்கும் சமமாக ஆனது.

இதுவரை அடுத்தவர் செய்த தப்பு. இனி எங்கள் தப்பு.

2004-ல் ஒரு உறுப்பினர் அடி தாங்காமல் தாய் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் பேரில் வங்கிக் கடன் இருந்தது, ஏழு தவணை பாக்கி. புருஷன் வீட்டோடு இருந்தால்தான் தவணை வரும் என்று எங்களுக்கு ஒரு கணக்கு. கூட்டம் போட்டு, அவரையும் வரவழைத்து, சமாதானம் பேசினோம். "அனுசரிச்சுப் போம்மா, நாங்க இல்லையா" என்று சொன்னது நான்தான். தீர்மானப் புத்தகத்தில் 'இருவரும் சேர்ந்து வாழச் சம்மதித்தனர்' என்று என் கையெழுத்தில் இருக்கிறது. எட்டு மாதத்தில் இடது கை உடைந்து திரும்பி வந்தார். தவணையை ஒரு மாதம்கூட நிறுத்தவில்லை. அந்தத் திண்ணைப் பெரியவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகுதான், அடிதடி உள்ள விஷயத்தில் குழு சமாதானம் பேசுவதில்லை என்று தீர்மானம் போட்டோம்.

குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபரில் அமலுக்கு வந்தது. அதன்படி மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கிற பாதுகாப்பு அலுவலரிடமே புகார் எழுதிக் கொடுக்கலாம். வீடு யார் பேரில் இருந்தாலும் சேர்ந்து குடியிருந்த வீட்டைவிட்டு அவளை விரட்ட முடியாது. கை உடைந்து வந்தவர் இந்தச் சட்டத்தில்தான் அந்த வீட்டிலேயே ஒரு பகுதியில் குடியிருக்க உத்தரவு வாங்கினார். வக்கீல், சட்டப் பணிகள் குழு கொடுத்தவர். கடனையும் அவரே கட்டி முடித்தார்.

இப்போது கேட்க வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, உனக்கு என்ன வேணும் என்பதைத்தான். பணமா, பாதுகாப்பா, பிள்ளையா, பிரிவா? பணம் என்றால் ஜீவனாம்ச மனு. குடும்ப நீதிமன்றம் இருக்கிற ஊரில் அங்கே, இல்லாத ஊரில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில். கணவர் பெங்களூரில் இருந்தாலும் நீ இருக்கிற ஊரிலேயே போடலாம். 2024 ஜூலையிலிருந்து 125-க்குப் பதில் புதுச் சட்டத்தில் 144-வது பிரிவு, சாரம் அதேதான். மனுப் போட்ட தேதியிலிருந்தே பணம் கணக்காகணும், இரண்டு பேரும் சொத்து, வருமானத்தைப் பிரமாணப் பத்திரமாகக் கொடுக்கணும் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உத்தரவாகியும் பணம் வரவில்லையா, பாக்கி சேரட்டும் என்று உட்காரக் கூடாது. ஒரு வருஷத்துக்குள் வசூல் மனுப் போடணும். சேர்த்துவைத்து மொத்தமாகக் கேட்டு இழந்தவர்கள் நம்மில் இரண்டு பேர்.

பிரிவு என்றால் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு போவது சுலபம். இந்துக்களுக்கு 1976-ல் அந்த வழி வந்தது. ஒரு வருஷம் பிரிந்திருந்து மனுப் போட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி போய்ச் சொல்லணும். அந்த ஆறு மாதத்தைத் தேவைப்பட்டால் கோர்ட்டே தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் தீர்ப்பு வந்தது. முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டால் விவாகரத்து ஆகிவிடும் என்று இன்னமும் நினைக்கிறார்கள். சாதி வழக்கத்தைக் கோர்ட்டில் நிரூபித்தால் ஒழிய அந்தத் தாள் செல்லாது. அதை நம்பி மறுமணம் செய்து, பிள்ளையும் பெற்ற பிறகு தவித்த பெண்ணை எனக்குத் தெரியும்.

சம்மன் வந்தால் வாங்காமல் கதவைச் சாத்துவது நம்மிடம் பெரிய வியாதி. வாங்க மறுத்தாலும் சார்வானதாகத்தான் எழுதுவார்கள். நீ போகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும். அதை ரத்து செய்யக் கேட்கத் தீர்ப்பு நாளிலிருந்து 30 நாள்தான் சாதாரணக் கெடு.

வக்கீலை எப்படிப் பார்ப்பது? முதலில் 15100-க்குப் போன் போடு, இல்லாவிட்டால் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போ. அங்கே கொடுக்கிற வக்கீல் எப்படியோ என்று தயங்குகிறார்கள். எல்லாரும் ஒரே மாதிரி இல்லை, உண்மைதான். ஒத்துவராவிட்டால் வேறு ஒருவரைக் கேட்கலாம். காசு கொடுத்து வைப்பதென்றால், மொத்தம் எவ்வளவு, வாய்தாவுக்குத் தனியா, டைப்பிங் நகல் செலவு யாருடையது என்று முதல் நாளே கேள். கொடுத்ததற்கு ரசீது கேள். வருகிற பணத்தில் எனக்குப் பாதி என்று பேசினால் எழுந்து வா. அப்படிப் பங்கு பேசக் கூடாதென்று பார் கவுன்சில் விதியே இருக்கிறது. வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டாம். மனுவைப் படித்துக் காட்டச் சொல், ஒரு நகல் வாங்கிக்கொள். கேஸ் நம்பரை எழுதி வை. ஜீவனாம்சம் என்றால் எம்.சி., விவாகரத்து என்றால் எச்.எம்.ஓ.பி. என்று ஆரம்பிக்கும். நம்பர் இல்லையென்றால் கேஸ் இன்னும் கோர்ட்டில் ஏறவில்லை என்று அர்த்தம். அசல் கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று எதையும் கொடுத்துவிட்டு வராதே, நகல் கொடு.

அம்மா போன வருஷம் காலமானார். டிரங்குப் பெட்டியில் அந்த வெள்ளைத் தாள் இருந்தது, மடிப்பில் கிழிந்து நாலு துண்டாக. பக்கத்து ஊர்க் குழுவிலிருந்து ஒரு பிள்ளை இப்போது எம்.சி. போட்டிருக்கிறாள். வாய்தா வியாழக்கிழமை. துணைக்கு இந்தத் தடவை என் முறை.