ஆரம்பப் பிரிவு ஆசிரியராவதற்கான பாதைகளும் பட்டமும்

க.பொ.த. உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் ஒவ்வொரு தடவையும் எமது வீடுகளில் எழும் கேள்வி ஒன்றேயாகும். 'பல்கலைக்கழகம் கிடைக்குமா?' என்பதே அது. வெட்டுப்புள்ளியை எட்டியவர்கள் மகிழ்ச்சியடைகின்றனர். மயிரிழையில் அதனைத் தவறவிட்டவர்கள் அடுத்தது என்னவென்று அறியாது திகைக்கின்றனர். சிறுவர்களுக்குக் கற்பிக்க விரும்பும் பிள்ளைகள் இவ்விரு சாராரிலும் இருக்கின்றனர். பட்டம் பெற்றாலன்றி ஆசிரியராக முடியாது என நம்புவோரும், பட்டம் கையில் இருந்தால் ஆசிரிய நியமனம் தானாகவே வந்து சேரும் என நம்புவோரும் எம்மிடையே உளர். இவ்விரண்டு நம்பிக்கைகளும் தவறானவை என்பதால், ஆரம்பப் பிரிவு ஆசிரியராவதற்கு எமது நாட்டில் உள்ள பாதைகளை இங்கு எடுத்துரைப்பது பயனுடையதெனக் கருதுகிறோம்.

இலங்கையில் ஆரம்பக் கல்வி என்பது தரம் 1 முதல் தரம் 5 வரையிலான ஐந்து ஆண்டுகளைக் கொண்டது. 1990களின் பிற்பகுதியில் மேற்கொள்ளப்பட்ட கல்விச் சீர்திருத்தம் இதனை மூன்று முதன்மை நிலைகளாக வகுத்தது. தரம் 1, 2 முதலாவது நிலையாகவும், தரம் 3, 4 இரண்டாவது நிலையாகவும், தரம் 5 மூன்றாவது நிலையாகவும் அமைந்தன. இடைநிலை வகுப்புகளில் போன்று பாடத்திற்கு ஓர் ஆசிரியர் என்ற முறை இங்கு இல்லை. தாய்மொழி, கணிதம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் ஆகியவற்றை ஒரே வகுப்பாசிரியர் ஒருங்கிணைத்துக் கற்பிக்க வேண்டும். விளையாட்டிலிருந்து செயற்பாட்டிற்கும், செயற்பாட்டிலிருந்து எழுத்திற்கும் பிள்ளையை அழைத்துச் செல்லும் இப்பணி தனியானதொரு தொழில்சார் அறிவை வேண்டி நிற்கின்றது.

இவ்வறிவை வழங்குவதற்கென்றே உருவாக்கப்பட்டவை தேசிய கல்வியியற் கல்லூரிகளாகும். 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கக் கல்வியியற் கல்லூரிகள் சட்டம் இவற்றுக்கு அடித்தளமாக அமைந்தது. நாடளாவிய ரீதியில் 19 கல்லூரிகள் உள்ளன. மூன்றாண்டுப் பயிற்சியில் முதல் இரண்டு ஆண்டுகள் கல்லூரியில் தங்கிக் கற்பதிலும், மூன்றாம் ஆண்டு பாடசாலையொன்றில் கட்டுறுப் பயில்விலும் கழிகின்றன. பயிற்சியை நிறைவு செய்வோருக்குத் தேசிய போதனாவியல் டிப்ளோமா வழங்கப்படுகின்றது. அதனைத் தொடர்ந்து இலங்கை ஆசிரியர் சேவையில் நியமனம் கிடைக்கின்றது. ஆரம்பக் கல்வி இக்கல்லூரிகளில் தனியொரு பாடநெறியாக உள்ளது.

தமிழ் மொழி மூலம் பயில விரும்புவோருக்கு கோப்பாயிலுள்ள யாழ்ப்பாணக் கல்லூரி, வவுனியா, மட்டக்களப்பின் தாழங்குடா, அட்டாளைச்சேனை, பத்தனை ஸ்ரீபாத, தர்கா நகர் ஆகிய கல்வியியற் கல்லூரிகள் உள்ளன. வடக்கு, கிழக்கு, மலையகம், தென்மேற்குக் கரையோரம் எனத் தமிழ் பேசும் மக்கள் வாழும் பகுதிகளை அண்மித்து இவை அமைந்திருப்பது, பெண் பிள்ளைகளைத் தொலைவுக்கு அனுப்பத் தயங்கும் பெற்றோருக்கு ஆறுதலான விடயமாகும். தெரிவு உயர்தரப் பரீட்சையின் இஸட் புள்ளியையும் விண்ணப்பதாரரின் வதிவிடப் பகுதியையும் நேர்முகப் பரீட்சையையும் கொண்டு நடைபெறுகின்றது. வர்த்தமானி அறிவித்தலைக் கவனியாது விட்டமையால் வாய்ப்பை இழக்கும் பிள்ளைகள் ஆண்டுதோறும் இருக்கவே செய்கின்றனர்.

டிப்ளோமாவுடன் கல்வி முடிந்துவிடுகின்றது என எண்ண வேண்டியதில்லை. நியமனம் பெற்ற பின்னர் கல்விமாணிப் பட்டத்தைத் தொடரும் வழிகள் உள்ளன. மகரகமவில் இயங்கும் தேசிய கல்வி நிறுவகம், சேவையிலுள்ள ஆசிரியர்களுக்குக் கல்விமாணிப் பாடநெறியை நடத்துகின்றது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் கல்விப் பீடம், ஆரம்பக் கல்வியில் சிறப்புக் கல்விமாணிப் பட்டத்தையே வழங்குகின்றது. சம்பளத்தைப் பெற்றவாறே, வகுப்பறையில் நாளாந்தம் காண்பதைப் பாடமாகக் கொண்டு பட்டம் பெறக்கூடிய பாதை இதுவாகும்.

மற்றையது பல்கலைக்கழகத்தின் ஊடாக வரும் பாதை. கலைப் பட்டமோ விஞ்ஞானப் பட்டமோ பெற்றவர், மத்திய அல்லது மாகாண அரச சேவை கோரும் போட்டிப் பரீட்சையிலும் நேர்முகப் பரீட்சையிலும் தேறிப் பட்டதாரி ஆசிரியராகலாம். அதன்பின் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் முதலிய பல்கலைக்கழகங்களிலோ, திறந்த பல்கலைக்கழகத்திலோ, தேசிய கல்வி நிறுவகத்திலோ பட்டப்பின் கல்வி டிப்ளோமாவைப் பூர்த்தி செய்து தொழில்சார் தகைமை பெறலாம். ஆனால் இப்பாதையில் பரீட்சை எப்போது நடைபெறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2020 ஆம் ஆண்டில் பயிலுநர்களாகச் சேர்க்கப்பட்டுப் பாடசாலைகளுக்கு அனுப்பப்பட்ட பட்டதாரிகள் பலர், தம்மை ஆசிரியர் சேவையில் உள்வாங்குமாறு கோரி பின்னர் வீதியில் இறங்க நேர்ந்தமை இதற்குச் சான்றாகும்.

இங்குதான் எமது கல்வி முறையின் முரண்பாடு தெளிவாகத் தெரிகின்றது. ஆசிரியர் சேவையில் பட்டதாரி ஒருவர், டிப்ளோமாதாரியை விட உயர்ந்த நிலையில் நியமனம் பெறுகின்றார். அப்பட்டம் அரசறிவியலிலோ புவியியலிலோ பெறப்பட்டதாக இருக்கலாம். ஆனால், வெற்றிடம் கருதி அவர் ஆரம்ப வகுப்புக்கு அனுப்பப்படும்போது, எழுத்தைக் கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைக்கு எப்படி உதவுவது என்பதை எவரும் அவருக்குக் கற்பித்திருப்பதில்லை. நாமும் கலைப் பட்டதாரிகளே. பட்டம் பெற்ற மறுநாள் எம்மை முதலாம் தர வகுப்பொன்றில் நிறுத்தியிருப்பின், பிள்ளைகளை விட நாமே அதிகம் திகைத்திருப்போம் என்பதை ஒப்புக்கொள்வதில் எமக்கு வெட்கமில்லை. மூன்றாண்டுகள் இதனையே பயின்ற டிப்ளோமாதாரியோ, பதவி உயர்வை நாடி, தான் கற்பிக்கும் வகுப்புடன் தொடர்பற்ற துறையில் வெளிவாரிப் பட்டமொன்றைத் தேடி ஓடுகின்றார். அப்பட்டம் அவரது சம்பளத்தை உயர்த்தலாம். அவரது மாணவரின் வாசிப்பை உயர்த்துமா என்பதே கேள்வி.

இம்முரண்பாட்டின் சுமை சமமாகப் பகிரப்படுவதுமில்லை. நகரப் பாடசாலைகளில் பயிற்சி பெற்ற ஆசிரியர் உள்ளனர். பின்தங்கிய கிராமங்களிலும் தோட்டப் பாடசாலைகளிலும் ஆரம்ப வகுப்புகள் அடிக்கடி தற்காலிக ஏற்பாடுகளையே நம்பியிருந்துள்ளன. 2014, 2015 காலப்பகுதியில் மலையகத்தில் சுமார் 3000 ஆசிரிய உதவியாளர்கள் மாதாந்தம் 6000 ரூபா கொடுப்பனவுடன் நியமிக்கப்பட்டனர். அக்கொடுப்பனவு பின்னர் 10,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அவர்கள் ஆசிரிய கலாசாலைகளுக்கு அனுப்பப்பட்டுப் பயிற்சி பெற்றது நியமனத்திற்குப் பின்னரேயாகும். குறைந்த கொடுப்பனவுடன் பணியாற்றிய அவ்விளைஞர்களைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. பயிற்சிக்கு முன்பே அவர்களை வகுப்பறையில் நிறுத்திய திட்டமிடலின்மையே குறைக்குரியது. அடித்தளம் உறுதியற்றதாக இருக்கும்போது, தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கும் சாதாரண தரப் பரீட்சைக்கும் எத்தனை மேலதிக வகுப்புகள் நடத்தினாலும் பயன் குறைவேயாகும்.

பின்லாந்தில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியருக்கு முதுமாணிப் பட்டம் அவசியமென 1979 ஆம் ஆண்டிலேயே விதிக்கப்பட்டது. அங்கு வலியுறுத்தப்பட்டது வெறும் பட்டமன்று. கற்பித்தலையே பாடமாகக் கொண்ட பட்டமாகும். எமது கல்வியியற் கல்லூரிகளையும் பட்டம் வழங்கும் நிலைக்கு உயர்த்த வேண்டுமென்ற யோசனை நீண்ட காலமாகவே பேசப்பட்டு வருகின்றது. அது நிறைவேறும்போது, தமிழ் மொழி மூலப் பயிற்சிக்குப் போதிய விரிவுரையாளரும் நூல்களும் உறுதிப்படுத்தப்பட வேண்டும். அதுவரை, ஆரம்ப வகுப்புகளுக்கு அனுப்பப்படும் பட்டதாரிகள் அனைவருக்கும் அவ்வகுப்புகளுக்குரிய பயிற்சியை முதலில் வழங்குவது அதிகாரிகளின் கடமையாகும்.

எமது வாசகர்களுக்கு, விசேடமாக உயர்தரப் பெறுபேற்றுடன் வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு, நாம் கூற விரும்புவது இதுவே. ஆரம்பப் பிரிவு ஆசிரியராக வேண்டுமென்ற விருப்பம் பிள்ளையிடம் இருக்குமாயின், கல்வியியற் கல்லூரியைப் பல்கலைக்கழகம் கிடைக்காதவர்களின் புகலிடமாகக் கருதாதீர்கள். டிப்ளோமா, நியமனம், அதன்பின் ஆரம்பக் கல்வியில் கல்விமாணி என்ற வரிசை, மதிப்புக்கும் பதவி உயர்வுக்கும் இட்டுச்செல்லும் நேரான பாதையாகும். பல்கலைக்கழகம் சென்ற பிள்ளையாயின், நியமனம் கிடைத்தவுடன் கற்பித்தலையும் முறையாகக் கற்குமாறு ஊக்குவியுங்கள். எப்பாதையில் வந்தாலும், முதலாம் தர வகுப்பினுள் நுழையும் ஆசிரியரிடம் அங்குள்ள பிள்ளை பட்டச் சான்றிதழைக் கேட்கப் போவதில்லை. தனக்கு வாசிக்கக் கற்றுத் தரத் தெரியுமா என்பதையே அது எதிர்பார்த்து நிற்கின்றது.