தொலைக்காட்சித் திரையும் தமிழ்ப் புள்ளியும்

சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963 பிப்ரவரி 15 அன்று தொடங்கப்பெற்றது. விக்டோரியா நினைவு மண்டபத்தில் அதனைத் தொடங்கிவைத்தவர், யாழ்ப்பாணத்தில் பிறந்து அந்நாளில் பண்பாட்டு அமைச்சராய் விளங்கிய எஸ். இராசரத்தினம் ஆவார். சமூக நிலையங்களில் வைத்த பெட்டிகளின்முன் மக்கள் கூடிக் கண்டது கறுப்பு வெள்ளைப் படமே. 1974 ஜூலை 7 அன்று உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டம் வண்ணத்தில் வந்தது. 2019 தொடக்கத்தில் பழைய ஒளிபரப்பு முறை நீங்கி, எண்முறை ஒன்றே நிலைத்தது. இக்காலமெல்லாம் படத்தின் தரம் எல்லாக் கூறுகளிலும் வளர்ந்ததா? இல்லை என்பதே வரலாறு காட்டும் விடை.

பழைய பெட்டியின் உயிர் எதிர்மின்கதிர்க் குழல். கதிரானது ஒரு படத்தை 625 வரிகளாக, ஒற்றைப்படை வரிகளை முதலிலும் இரட்டைப்படை வரிகளைப் பின்னரும், நொடிக்கு 25 முறை வரைந்தது. இதனால் தமிழுக்கு ஓர் இடர் உண்டு. எழுத்தின் புள்ளி ஒரே வரியில் அடங்கினால், அது நொடிக்கு 25 முறையே ஒளிர்ந்து துடிக்கும். ‘பல்’ என்பதற்கும் ‘பல’ என்பதற்கும் இடையே நிற்பது அப்புள்ளி அன்றோ? ஆகவே அத்திரைக்கு எழுத்துகள் பெரியனவாய், தடித்தனவாய் இருத்தல் வேண்டும். ஆயினும் கதிர் அடங்கிய இடம் இருளாகவே நின்றது. ஓடும் பந்தும் இழுபடாமல் தோன்றியது.

பின்னர் வந்த எல்.சி.டி. என்னும் நீர்மப் படிகத் திரையில் ஒளி பின்னிருந்து வருகிறது. படிகங்கள் கதவுகள்போல் அதனை மறைக்கின்றன. 1,920 புள்ளிகள் கொண்ட 1,080 வரிகளில் எழுத்தின் புள்ளி அசையாது நிற்கிறது. ஆனால் கதவு முற்றும் மூடாமையால் கறுப்பு சாம்பலாகிறது. ஒவ்வொரு படமும் அடுத்தது வரும்வரை நிற்பதால் விரைந்த அசைவு மங்குகிறது.

1964இல் அமெரிக்காவின் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தில் பிறந்த பிளாஸ்மாத் திரை, தானே ஒளிர்ந்து நல்ல கறுப்பைத் தந்தது. எனினும் மின்செலவு முதலிய காரணங்களால் மறைந்தது. 1987இல் கோடாக் நிறுவனத்தின் டாங், வான் சிளைக் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வின் வழிவந்தது ஓ.எல்.இ.டி. திரை. இதிலும் புள்ளிதோறும் தன்னொளி உண்டு. அணைந்த புள்ளி முழு இருள். ஆனால் நெடுநேரம் மாறாது நிற்கும் சின்னமோ எழுத்தோ தன் தடத்தை அதில் விட்டுச்செல்லக்கூடும்.

எனவே தரம் என்பது ஒன்றன்று; கூர்மை, இருள், அசைவு, வண்ணம், உழைப்பு எனப் பலவாம். தேக்காப் பகுதியில் சிராங்கூன் சாலையை ஒட்டிய கடைகளுள் வரிசையாய் எரியும் பெட்டிகளைக் காண்போர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. பேரொளியில் சாம்பற்கறுப்பின் குறை மறையும். மிக ஒளிர்வதே சிறந்ததாய்த் தோன்றும். விளக்கணைத்த இல்லத்தில் அத்தீர்ப்பு மாறலாம். கண்ணைக் கவரும் வண்ணத்தைக் கண்டு மயங்காமல், இருண்ட காட்சியொன்றையும், ஓடும் பந்தையும், சிறிய தமிழெழுத்தின் புள்ளியையும் நோக்குவோரே திரையின் தரத்தை உள்ளபடி அறிவர்.